விருப்பம் என்னும் வட்ட வாதம்: ஃபியெஸ்டாவின் மறைவும் பூமாவின் வெற்றியும்

2023 ஜூலை 7 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரத் தொழிற்சாலையில் ஃபோர்ட் நிறுவனத்தின் கடைசி ஃபியெஸ்டா கார் உற்பத்தி வரிசையிலிருந்து இறங்கியது. 1976இல் தொடங்கிய ஒரு பெயர் நாற்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் முற்றுப்பெற்றது. அவ்வாண்டின் முடிவில் பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற கார் எதுவெனக் கணக்கெடுத்தபோது, முதலிடத்தில் நின்றது அதே நிறுவனத்தின் பூமா. 2024இலும் அதுவே முதலிடம்.

இவ்விரு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்து, மேலாண்மைத் துறை வகுப்பறைகளும் வணிக இதழ்களும் ஒரே கதையைச் சொல்லிவருகின்றன. மக்கள் சிறிய ஹேட்ச்பேக் காரை வெறுத்துவிட்டார்கள். உயரமான எஸ்யூவியை விரும்பத் தொடங்கிவிட்டார்கள். நிறுவனங்கள் அந்த விருப்பத்துக்குச் செவிசாய்த்தன. கதை எளிமையானது, கேட்பதற்கும் இனிமையானது. குற்றம் சுமத்த ஒருவரும் இல்லாத கதை அது. ஆனால் அது தவறான கதை. தவறு தரவுகளில் இல்லை. தரவுகளை வாசிக்கும் முறையில் இருக்கிறது. கடையிலிருந்து ஒரு பொருளை அகற்றிவிட்டு, எஞ்சிய பொருளை வாங்கியவரைப் பார்த்து ‘இதைத்தான் நீ விரும்பினாய்’ என்பது விளக்கம் ஆகாது. அது வட்ட வாதம்.

முதலில் ஃபியெஸ்டாவை மக்கள் வெறுத்தார்களா என்று பார்க்கலாம். 2009 முதல் 2020 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து, பிரிட்டனில் அதிகம் விற்ற கார் ஃபியெஸ்டாதான். நிசான் ஜூக் 2010இல் வந்தது. ஓப்பல் மொக்கா 2012இலும், ரெனோ கேப்சர், பெஜோ 2008 ஆகியவை 2013இலும் வந்தன. அதாவது சிறு கிராஸ்ஓவர் என்னும் வகை முழுமையாக அறிமுகமாகி, விளம்பரத்தில் மூழ்கி, சாலையெங்கும் நிறைந்த பிறகும் ஃபியெஸ்டா தன் இடத்தை இழக்கவில்லை. 2021இலும் 2022இலும் அதன் விற்பனை சரிந்தது உண்மை. ஆனால் அவை உலகமெங்கும் சிப் பற்றாக்குறை நிலவிய ஆண்டுகள். கிடைத்த சிப்புகள் அதிக இலாபம் தரும் வண்டிகளுக்கே முதலில் சென்றன என்பதைக் கார்த் தொழில் மறைக்கவுமில்லை. செய்யப்படாத கார் விற்காது. விற்காத காரை நிறுத்துவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலர் ஜிம் ஃபார்லியும் இதில் ஒளிவுமறைவு வைக்கவில்லை. சலிப்பூட்டும் கார்களைச் செய்யும் தொழிலிலிருந்து ஃபோர்ட் வெளியேறுகிறது என்று அவர் வெளிப்படையாகவே பேசினார். பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு நாட்டின் முதல் தெரிவாக இருந்த கார் யாருக்குச் சலித்தது என்னும் கேள்வியை வணிக இதழ்கள் கேட்கவில்லை. கொலோன் ஆலை மின்கார்களுக்காக மாற்றியமைக்கப்பட்டது. அங்கு முதலில் உருவான மின்காரும் ஓர் எஸ்யூவிதான்.

இனி பூமா எத்தகைய வண்டி என்பதைப் பார்க்க வேண்டும். 1997இல் ஃபியெஸ்டாவின் அடிப்படையில் உருவான தாழ்வான ஒரு சிறு கூப்பே காருக்கு வைத்திருந்த பெயரை எடுத்து, 2019இல் ஐரோப்பியச் சந்தைக்கென வடிவமைத்த சிறு கிராஸ்ஓவருக்குச் சூட்டினார்கள். அதன் பிளாட்ஃபார்ம் ஃபியெஸ்டாவுடையது. அதன் 999 சிசி பெட்ரோல் எஞ்சினின் குடும்பமும் ஃபியெஸ்டாவில் இருந்ததே. எஸ்யூவி என்னும் பெயர் மலைப்பாதையையும் சேற்றையும் நினைவூட்டுகிறது. பூமாவிலோ நான்கு சக்கர இயக்கமே கிடையாது, முன்சக்கரங்கள் மட்டுமே இழுக்கின்றன. இந்தியாவின் ஜிஎஸ்டி மன்றம் 2023இல் வரிக்காகத் தெளிவுபடுத்திய பயன்பாட்டு வாகன வரையறையில் 1500 சிசிக்கு மேற்பட்ட எஞ்சின் ஒரு நிபந்தனை. அந்த அளவுகோலில் பூமா எஸ்யூவியே அன்று. கொஞ்சம் நீட்டி உயர்த்திய ஹேட்ச்பேக்தான்.

பூமா மோசமான கார் என்பது இங்கு வாதமன்று. அதன் டிக்கி 456 லிட்டர் கொள்ளும். ஃபியெஸ்டாவினுடையதை விட மிகப் பெரிது. முழங்கால் வலி உள்ள முதியவருக்கு உயர்ந்த இருக்கையில் ஏறி இறங்குவது எளிது. குழந்தையைப் பின்னிருக்கையில் அமர்த்தும் பெற்றோருக்கு முதுகு வளைவது குறையும். இவை கற்பனையான நன்மைகள் அல்ல. கேள்வி வேறு. இந்த நன்மைகளுக்காக ஏறத்தாழ நூறு கிலோ கூடுதல் எடையையும், ஆரம்ப விலையிலேயே சில ஆயிரம் பவுண்டு கூடுதல் செலவையும் ஏற்பதா என்பதை வாங்குபவர் எடைபோட்டுப் பார்க்க, இரண்டும் கடையில் இருக்க வேண்டும். 2023 ஜூலைக்குப் பிறகு ஃபோர்ட் கடையில் இரண்டும் இல்லை.

பொருளியல் மாணவர்களுக்கு இந்த இடம் பழக்கமானது. நுகர்வோரின் மனத்துக்குள் நுழைந்து பார்க்க முடியாது. அவர் எதைத் தெரிவு செய்கிறார் என்பதிலிருந்து விருப்பத்தை அறியலாம் என்னும் கருத்தை 1938இல் முன்வைத்தவர் பால் சாமுவேல்சன். வெளிப்பட்ட விருப்பம் என்று அது பெயர்பெற்றது. அக்கோட்பாட்டின் உயிர் ஒரே நிபந்தனையில் இருக்கிறது: தெரிவு செய்யப்படாத பொருளும் அப்போது எட்டும் தூரத்தில் இருந்திருக்க வேண்டும். ‘அ’ இருக்கும்போது ‘ஆ’வை எடுத்தவர் ‘ஆ’வை விரும்பினார் எனலாம். ‘அ’வை அகற்றிய பின் ‘ஆ’வை எடுத்தவரைப் பற்றி அக்கோட்பாடு ஒன்றும் சொல்வதில்லை. விற்பனைப் பட்டியலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ‘ஐரோப்பிய நுகர்வோர் கிராஸ்ஓவரை விரும்புகின்றனர்’ என்று முடிவுரை எழுதும் ஆய்வேடு, சாமுவேல்சனை மேற்கோள் காட்டியபடியே அவரை மீறுகிறது.

அமர்த்தியா சென் 1973இல் இன்னொரு பக்கத்திலிருந்து இதே கோட்பாட்டைக் கேள்விக்கு உள்ளாக்கினார். கைதிகளின் இக்கட்டு போன்ற சூழலில் ஒவ்வொருவரும் தத்தமக்கு நல்லது என்று எண்ணிச் செய்யும் செயல், எல்லோரும் விரும்பாத விளைவில் போய் முடியும். செயலைப் பார்த்து விருப்பத்தைப் படிப்பவர் அங்கு தவறாகவே படிப்பார். காரின் உயரத்துக்கு இது அப்படியே பொருந்தும். கூத்துப் பார்க்கும் கூட்டத்தில் முன்வரிசைக்காரர் ஒருவர் எழுந்து நின்றால் பின்னால் இருப்பவரும் எழ வேண்டியிருக்கும்; கடைசியில் எல்லோரும் கால் கடுக்க நிற்பார்கள், ஒருவருக்கும் முன்னைவிட நன்றாகத் தெரியாது. அந்தக் கூட்டத்தைப் படமெடுத்து ‘மக்கள் நின்று பார்ப்பதையே விரும்புகின்றனர்’ என்று எழுதினால் எப்படி இருக்கும்? தாழ்வான காரில் அமர்ந்து, முன்னும் பின்னும் உயர்ந்த வண்டிகளின் சுவர்களையே பார்க்கும் ஓட்டுநர், அடுத்த முறை உயரமான வண்டியை வாங்குகிறார். அது விருப்பமன்று, தற்காப்பு.

சிறு கார் கடையிலிருந்து ஏன் அகன்றது? காரணங்களில் முதலாவது இலாபம். ஒரே பிளாட்ஃபார்மில் இரண்டு உடல்களைப் பொருத்தலாம். உயரமான உடலுக்குக் கூடுதல் விலை கேட்கலாம். செய்யும் செலவோ அந்த அளவுக்குக் கூடுவதில்லை. ரெனோ கிளியோவின் மேல் கேப்சர், பெஜோ 208இன் மேல் 2008, ஃபோக்ஸ்வாகன் போலோவின் மேல் டி-கிராஸ் என்று எல்லா நிறுவனங்களும் ஒரே கணக்கைப் போட்டன. போலோவின் நிலையும் சொல்லத் தக்கது. ஸ்பெயினின் பாம்ப்லோனா ஆலையில் போலோவின் உற்பத்தி 2024இல் நின்றது. ஐரோப்பாவுக்கான போலோ இப்போது தென்னாப்பிரிக்காவிலிருந்து கப்பலேறுகிறது.

இரண்டாவது காரணம் சட்டத்தில் இருக்கிறது. அது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் புதிய கார்களின் கரியமில வாயு வெளியீட்டுக்கு வரம்பு விதித்தது. 2015க்குள் சராசரியாகக் கிலோமீட்டருக்கு 130 கிராம் என்பது இலக்கு. ஆனால் அந்த இலக்கு எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றாக இருக்கவில்லை. விற்ற கார்களின் சராசரி எடையைப் பொறுத்துச் சாய்ந்தது. எடை 100 கிலோ கூடினால் 4.57 கிராம் கூடுதலாக வெளியிடலாம். 2020 முதல் அது 3.33 கிராம் ஆனது. கனமான கார்களைச் செய்யும் ஜெர்மனி செங்குத்தான சாய்வைக் கேட்டது. சிறு கார்களின் நாடுகளான பிரான்சும் இத்தாலியும் எதிர்த்தன. விளைந்தது ஒரு சமரசம்.

எடையைக் கூட்டினால் வெகுமதி என்று அச்சட்டம் சொல்லவில்லை. ஆனால் எடையைக் குறைத்தவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய பலனில் பெரும்பகுதியை அது பறித்துக்கொண்டது. ஒரு நிறுவனம் தன் கார்களை நூறு கிலோ இலேசாக்கினால் எரிபொருள் மிச்சமாகும். உடனே அதன் இலக்கும் கடினமாகும். கனமாக்கினால் இலக்கு இளகும். இப்படிப்பட்ட விதியின் கீழ்ப் பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்த தொழில், சிறிய இலேசான காரைப் பேணி வளர்க்கவில்லை என்பதில் வியப்பென்ன? 2025இலிருந்து நடப்பிலுள்ள இலக்குகளில் அந்தச் சலுகை முன்போல இல்லை. ஆனால் அதற்குள் ஃபியெஸ்டா போய்விட்டது. வடிவமைப்பு அலுவலகங்களில் எடுத்த முடிவுகள் ஒரு விதி மாறியதும் திரும்பி வருவதில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. காப்பு விதிகளும் புகை விதிகளும் சிறு காரைக் கொன்றன என்கிறார்கள் உற்பத்தியாளர்கள். வேகக் கட்டுப்பாட்டு உதவி, தானியங்கித் தடை போன்ற கருவிகளை ஐரோப்பியப் பொதுப் பாதுகாப்பு விதி 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாக்கியது. கேமராவும் சென்சாரும் சிறிய காருக்கும் பெரிய காருக்கும் ஏறத்தாழ ஒரே விலைதான். ஆகவே மலிவான காரில் அச்செலவின் பங்கு அதிகம். இதை மறுக்க முடியாது, மறுக்கவும் தேவையில்லை. ஆனால் இந்த வாதத்தை முழுதாக ஏற்றுக்கொண்டால், அதைச் சொல்பவர்களின் இன்னொரு வாதம் சரிந்துவிடுகிறது. சிறு கார் மறைந்தது செலவால் என்றால், மக்கள் விருப்பத்தால் மறையவில்லை என்றாகிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல இயலாது. நாடாளுமன்றக் குழுவின் முன் செலவையும், விளம்பரத்தில் விருப்பத்தையும் காரணமாகக் காட்டும் இரட்டை நாவை ஆய்வாளர்களாவது இனங்காண வேண்டும்.

மேலும், செலவு வாதத்துக்கு எதிரான சான்று ஐரோப்பியச் சாலையிலேயே ஓடுகிறது. 2024இல் ஐரோப்பாவில் அதிகம் விற்ற கார் பூமாவும் அன்று, டெஸ்லாவும் அன்று. டாசியா சாண்டெரோ என்னும் மலிவான ஹேட்ச்பேக். மொராக்கோவிலும் ருமேனியாவிலும் உருவாகும் அந்தக் காரும் அதே காப்பு விதிகளையும் புகை விதிகளையும் கடந்தே விற்பனைக்கு வருகிறது. இரண்டாமிடத்தில் நின்ற கிளியோவும் ஹேட்ச்பேக்தான். சாண்டெரோவை வாங்குவோரில் பலர் சற்றே உயர்த்திய ஸ்டெப்வே வகையை எடுக்கிறார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. உயரத்தின் மேல் ஓர் ஈர்ப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எட்டும் விலையில் ஒரு சிறு கார் கடையில் நின்றால், அந்த ஈர்ப்பையும் மீறிக் கண்டம் முழுவதும் அதை வாங்குகிறது. வெளிப்பட்ட விருப்பத்தை நம்புகிறவர்கள் இந்தத் தெரிவையும் அதே மரியாதையோடு படிக்கக் கடமைப்பட்டவர்கள்.

விலையோடு முடிகிற சிக்கலும் அல்ல இது. 2023இல் உலகில் விற்ற கார்களில் 48 விழுக்காடு எஸ்யூவிகள் என்று பன்னாட்டு எரிசக்தி முகமை கணக்கிட்டது. சாலையில் ஓடும் எஸ்யூவிகளின் மொத்த வெளியீடு ஆண்டுக்கு 100 கோடி டன் கரியமில வாயு; அவை ஒரு நாடாக இருந்தால் உலகின் மிகப் பெரிய மாசு நாடுகளில் ஐந்தாவதாக நிற்கும். ஐரோப்பாவில் புதிய கார்களின் சராசரி அகலம் 2018இல் 177.8 சென்டிமீட்டர்; 2023இன் முதற்பாதியில் 180.3. காரின் மூக்கு 80 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 90 சென்டிமீட்டருக்கு ஏறினால், மோதப்படும் பாதசாரியோ மிதிவண்டிக்காரரோ உயிரிழக்கும் வாய்ப்பு 27 விழுக்காடு கூடுகிறது என்று பெல்ஜியத்தின் வியாஸ் நிறுவன ஆய்வு காட்டியது. மூக்கு உயர உயர, மோதல் காலிலிருந்து இடுப்புக்கும் நெஞ்சுக்கும் ஏறுகிறது. குழந்தைக்கு அது தலை.

‘இந்தக் கணக்கெல்லாம் இரண்டரை டன் ராட்சதர்களுக்கு, பூமா போன்ற சிறு கிராஸ்ஓவரை ஏன் இழுக்க வேண்டும்?’ என்று கேட்கலாம். பூமாவும் ராட்சதர்களும் ஒன்றல்ல என்பது சரி. ஆனால் சிறு கிராஸ்ஓவரின் பங்கு அதன் எடையில் இல்லை, வழக்கமாக்குவதில் இருக்கிறது. 2024 பிப்ரவரி 4 அன்று பாரிஸ் நகரம் கனமான கார்களின் நிறுத்தக் கட்டணத்தை மும்மடங்காக்க வாக்கெடுப்பு நடத்தியது. வாக்களிக்க வந்தவர்கள் ஆறு விழுக்காட்டுக்கும் குறைவு. வந்தவர்களில் 54 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். அவ்வாண்டு அக்டோபர் முதல் நகரின் மையப் பகுதியில் மணிக்கு 18 யூரோ. ஆனால் எஞ்சின் கார்களுக்கு எல்லை 1.6 டன், மின்கார்களுக்கு 2 டன். சிறு கிராஸ்ஓவர்கள் அனைத்தும் அந்த எல்லைக்கு உள்ளே வசதியாக நின்றுகொண்டன. கட்டணம் ராட்சதர்களைத் தண்டித்தது. எல்லாக் கார்களும் ஒரு படி உயர்ந்துவிட்ட புதிய தரையை அது தொடவே இல்லை. அந்தத் தரையைக் கட்டியவை பூமாவும் அதன் உறவினர்களும்தான்.

இக்கதையில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. பூமாவுக்கு முன் ஃபோர்ட் ஐரோப்பாவில் விற்ற சிறு கிராஸ்ஓவர் ஈகோஸ்போர்ட். பிரேசிலில் உருவாகி, 2013 ஜூனில் இந்தியாவில் அறிமுகமான அந்த வண்டி, சென்னையை அடுத்த மறைமலைநகர் ஆலையிலிருந்துதான் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. பின்கதவில் தொங்கிய ஸ்டெப்னி ஐரோப்பியருக்குப் பிடிக்காமற்போகவே, அங்கு அதை அகற்றினார்கள். 2017இல் ஐரோப்பாவுக்கான உற்பத்தி ருமேனியாவின் கிராயோவா ஆலைக்குப் போனது. இன்று பூமா உருவாவதும் அதே கிராயோவாவில்தான். 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்ட் அறிவித்தது; ஏறத்தாழ நான்காயிரம் பேரின் வேலை அதில் அடங்கும். உரிய இழப்பீடு கேட்டு மறைமலைநகர்த் தொழிலாளர்கள் 2022இல் வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்தது. கொலோனில் ஃபியெஸ்டா நின்றபோதும் மறைமலைநகரில் ஈகோஸ்போர்ட் நின்றபோதும் ‘சந்தை மாறிவிட்டது’ என்றே எழுதப்பட்டது. யார் மாற்றினார்கள் என்னும் எழுவாய் அந்த வாக்கியத்தில் இல்லை.

விதி வண்டியை உருவாக்கும் என்பதற்கு இந்தியாவை விடத் தெளிவான எடுத்துக்காட்டும் இல்லை. 2006ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் நான்கு மீட்டருக்கு மிகாத, எஞ்சின் அளவு வரம்புக்கு உட்பட்ட கார்களுக்குக் கலால் வரியைக் குறைத்தது. இந்தியாவில் விற்ற ஈகோஸ்போர்ட்டின் நீளம், ஸ்டெப்னியைச் சேர்க்காமல், 3,999 மில்லிமீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டரைக் குறைத்தது எந்த நுகர்வோரின் விருப்பம்? வரிச்சட்டத்தின் ஒரு வரி அது. அதே கோட்டுக்குள் இன்று நாடு முழுவதும் சிறு எஸ்யூவிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. பயணியர் வாகன விற்பனையில் பாதிக்கும் மேல் பயன்பாட்டு வாகனங்கள் ஆகிவிட்டன. இந்தியப் பல்கலைக்கழகங்களில் எழுதப்படும் ஆய்வேடுகள் இதற்கும் ‘வளரும் நடுத்தர வர்க்கத்தின் விழைவு’ என்னும் ஆயத்த விளக்கத்தையே ஒட்டுகின்றன. இருநூறு பேரிடம் வினாநிரல் கொடுத்து ‘நீங்கள் ஏன் எஸ்யூவி வாங்கினீர்கள்?’ என்று கேட்டு, ‘பாதுகாப்பு, கம்பீரம், நல்ல பார்வை’ என்னும் மூன்று விடைகளை அட்டவணையாக்கி விட்டால் ஆய்வு முடிந்தது. வாங்கியவர் சொல்லும் காரணம் வாங்கியதற்கான காரணம் மட்டுமே. விற்கப்பட்டதற்கான காரணம் அன்று. இரண்டாவது கேள்விக்கான விடை வினாநிரலில் கிடைக்காது. நிறுவனங்களின் ஆண்டறிக்கையிலும், வரிச்சட்டத்தின் பின்னிணைப்பிலும், வெளியீட்டு வரம்பின் சூத்திரத்திலும் தேட வேண்டும்.

நுகர்வோர் நடத்தையை ஆராய்கிறவர்கள் ஒரு சிறு ஒழுங்கையாவது கைக்கொள்ளலாம். ஒரு பொருள் அதிகம் விற்றது என்று எழுதும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அருகில், அதே காலத்தில் எந்தப் பொருள் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது, யார் நீக்கினார்கள், எந்த விதி அதற்குத் துணைநின்றது என்னும் மூன்றையும் எழுதட்டும். அதைச் செய்தால் முடிவுரைகள் பல நிற்கா. நிற்காமற்போவதே நல்லது. ஏனெனில் ‘மக்கள் விருப்பம்’ என்னும் சொல், ஆய்வேட்டிலிருந்து கொள்கை அறிக்கைக்குப் போகிறது; அங்கிருந்து சட்டத்துக்குப் போகிறது. மக்கள் உயரமான காரைத்தான் விரும்புகிறார்கள் என்று நம்பும் அமைச்சகம் நடைபாதையை ஒடுக்கும், வாகன நிறுத்தத்தை அகலமாக்கும், சிறு காருக்கான விதியைத் திருத்தத் தேவையில்லை என்று முடிவெடுக்கும். ஆய்வாளரின் சோம்பலான ஒரு வினைச்சொல்லுக்கான விலையை, ஏறத்தாழ நூறு சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு குழந்தை சாலையைக் கடக்கும்போது கொடுக்கும்.

பூமாவை வாங்கியவர் மேல் குற்றமில்லை. கடையில் இருந்ததை அவர் வாங்கினார். கடையில் எது இருக்கலாம் என்று முடிவு செய்தவர்களை விட்டுவிட்டு, அவர் மனத்தில் காரணம் தேடிய கல்விப்புலம்தான் பதில் சொல்ல வேண்டும்.